அம்மா நடக்காத ஆறாயிரம் அடி

கார்த்தி, போன வியாழக்கிழமை நீ பேசி முடித்த பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து உன் அம்மா, "அவன் அப்பவே கட் பண்ணிட்டான். நீங்க யார் கிட்ட ஊம் கொட்டிக்கினு இருக்கீங்க?" என்றாள். உனக்கும் சுகர் வந்துவிட்டது என்று நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. முப்பத்தொரு வயதில். பெங்களூரில் காரில் ஆபீஸ் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அதே காரில் வீடு திரும்பி இன்னொரு நாற்காலியில் உட்காருகிறவனிடம், தினமும் கொஞ்ச தூரம் நடடா என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ சிரித்தாய். "இன்னாப்பா நீ, அம்மா நடக்கலயா? லாக்டவுன்ல தினம் ஆறாயிரம் அடி நடந்தாங்க. என் போன்லயே பாத்துக்கினு இருந்தேனே. கடைசியில கால் போச்சா இல்லையா? நடந்தாலும் அதான், நடக்கலன்னாலும் அதான். நிம்மதியா சாப்ட்டுட்டு உக்காந்திருக்கேன், விடுப்பா." அந்தச் சிரிப்பு உனக்கு என்னிடமிருந்து வந்தது. சுகர் அம்மாவிடமிருந்து. உருப்படியாக நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை போலிருக்கிறது. நீ சொன்ன அந்த ஆறாயிரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கவரை ஒட்டியிருக்கலாம். ஆனால் உன் அப்பன் யார் என்று உனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து, ரேஷன் கார்டை நகல் எடுக்க வருகிறவர்களின் வீட்டு விஷயத்தையும் மனசுக்குள் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதைத் துணுக்காக்கிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவன். நீ ஏழாம் வகுப்பில் ரேங்க் கார்டில் முப்பத்தெட்டை எண்பத்தெட்டாகத் திருத்தினாயே, அன்றைக்கு உன்னை முட்டி போட வைத்துவிட்டு, அதற்கப்புறம் எத்தனை கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்! நீ இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாய். எனக்கு அது தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். உன் அம்மாவுக்கு நான் செய்ததும் அப்படி ஊர் பார்க்கச் செய்ததுதான். செய்தது பகிரங்கமாக, ஒப்புக்கொள்வது மட்டும் ஒட்டிய கவருக்குள் என்றால் அது இன்னொரு திருட்டுத்தனம். பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று அவளையே கேட்டேன். "எழுதுங்க, எனக்கு இன்னா இப்போ. ஆனா என் காலை வச்சித் தமாஷ் பண்ணீங்கன்னா பேப்பரைக் கிழிச்சிடுவேன்" என்றாள். ஆகவே இதில் எங்காவது உனக்குச் சிரிப்பு வந்தால் அது என்னைப் பார்த்து வரட்டும்.

நீ வேலைக்குப் போன பிறகுதான் அம்மாவுக்கு நடைப் பைத்தியம் பிடித்தது. அதனால் அதன் முழு அழகை நீ பார்த்ததில்லை. தினமும் விடியும்போது அவளும் எதிர்வீட்டு கெஜா அக்காவும் கிளம்பிவிடுவார்கள். அம்மாவுக்குச் சுகர், கெஜா அக்காவுக்கு முட்டிவலி. கிரிவலப் பாதையில் எமலிங்கக் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை போவது நடை. திரும்பி வருவது ஷேர் ஆட்டோ. வியாதிக்காக நடக்கிறவர்கள் பாதி வழி ஆட்டோவில் வருவானேன் என்று கேட்டேன். போகும்போது மலை வலது கைப் பக்கம் இருக்கிறதாம். அதே வழியில் திரும்பி நடந்தால் மலை இடது கைக்கு வந்துவிடுமாம், சாமியை எதிர்ச்சுற்று சுற்றிய பாவமாம். "அப்போ ஆட்டோல வந்தா மட்டும் பாவம் இல்லையா?" என்றேன். "ஆட்டோதானே சுத்துது, நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்" என்றாள். பாதம் மரத்துப்போன ஆளுக்கென்று டாக்டர் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் அவள் தவறாமல் எடுத்துப் போவாள், மஞ்சள் பையில் போட்டுக் கையில். மலையைச் செருப்புக் காலோடு சுற்ற முடியாது. டாக்டர் எதிரில் வந்தால் சட்டென்று மாட்டிக்கொள்ளலாம். இத்தனை கோணலுக்கும் நடுவில் அவள் சுகர் கட்டுக்குள் இருந்தது. அதை மறக்காதே.

அப்புறம் ஊரை மூடினார்கள். பௌர்ணமிக்கு லட்சம் கால்கள் தேய்க்கிற பாதையில் தடுப்புக் கட்டை வைத்துவிட்டார்கள். சுகருக்காக நடக்கிறேன் சார் என்று செங்கம் ரோட்டில் காலையில் இறங்கிய என் சிநேகிதர் ஒருவரை, காவலுக்கு நின்ற போலீஸ்காரர் உடற்பயிற்சிதானே வேண்டும் என்று அங்கேயே தோப்புக்கரணம் போடச் சொன்னாராம். டாக்டர் போனில், மொட்டை மாடியில் நடங்கள், நிறுத்தாதீர்கள் என்றார். நம் மாடி உனக்குத் தெரியும். மலை மேற்கே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது போல் தெரியும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெற்குச் சுவர் வரை நடந்தால் மலை வலது பக்கம். திரும்பினால் இடது பக்கம். அம்மா முதல் நாள் தெற்குச் சுவர் வரை போய் அங்கேயே நின்றுவிட்டாள். "மாடியில ஷேர் ஆட்டோ கூட ஓடாதே" என்றேன். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்துவிட்டாள். தெற்கே முகம் வைத்தபடியே, வலது கையால் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, பின்னாலேயே தொட்டி வரைக்கும் நடந்து வந்தாள். மறுபடி முன்னால் போனாள். மறுபடி பின்னால் வந்தாள். மலை அவள் வலது கையை விட்டு நகரவே இல்லை. யாரையும் கேட்காமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், தினம் ஒரு மணி நேரம். மூன்றாவது வாரம் வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்தோம். சுகர் நன்றாக இறங்கியிருந்தது.

என்னைப் போன்ற ஒருவன் வீட்டில் இருக்கும்போது ஒரு பெண் மாடியில் பின்னால் நடக்கலாமா? கடை மூடிக் கிடந்தது. எழுதிய துணுக்குகளைப் போடப் பத்திரிகை இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லாமல் எனக்கு மூச்சு முட்டியது. அதுவும் ஒரு நாள்பட்ட வியாதிதான், அதற்கு மாத்திரை கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவள் நடப்பதைப் போனில் படம் பிடித்தேன். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே ஒரு பீப் சத்தம், அதை நானே வாயால் போட்டேன். 'ரிவர்ஸ் கியர் கிரிவலம். பின்னால் வரும் பக்தர்கள் ஒதுங்கி நிற்கவும்' என்று ஒரு வரி சேர்த்து, தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் நம் சொந்தக்காரர்கள் குரூப்பிலும் தட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்கப் போன் ஓயவில்லை. சிரிக்கிற மூஞ்சிகளாக வந்து விழுந்தன. நீயும் நாலு மூஞ்சி போட்டிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ என் பிள்ளை. முப்பது வருஷம் எழுதியதில் எனக்கு அவ்வளவு பாராட்டு கிடைத்ததே இல்லை.

அம்மாவிடம் அப்போது அந்த மாதிரிப் போன் கிடையாது என்பதால் அவளுக்குத் தெரியாது என்று இருந்தேன். இரண்டு நாள் கழித்து அவள் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது கெஜா அக்கா எதிர்வீட்டு வாசலில் இருந்தே, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்தினாள்: "ஏம்மே, உன் ரிவர்ஸ் வீடியோ பாத்தேன்! வயிறு வலிச்சிப் போச்சி சிரிச்சி. எங்க சம்பந்தி வீட்டுக்குக் கூட அனுப்பிட்டேன். உங்க ஊட்டுக்காரர் பலே ஆளு!" அம்மாவும் சிரித்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நன்றாகவே சிரித்தாள். உள்ளே வந்து வாளியை வைத்துவிட்டு, "ஏங்க, நான் நடக்கிறது உங்களுக்கு அவ்ளோ சிரிப்பாவா இருந்துச்சி?" என்று கேட்டாள்.

"சும்மா தமாஷுக்கு" என்றேன்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அதற்கப்புறம் அவள் மாடி ஏறவில்லை. துணி காயப்போடக்கூட என்னைத்தான் அனுப்பினாள். கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "வெயில் ஜாஸ்தி", "நாளைக்கு", "இடுப்பு வலிக்குது" என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். அவள் நடந்தது அவளுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த ஒரு விஷயம். அதற்குள் நான் டிக்கெட் போட்டு ஊரை அழைத்து வந்துவிட்டேன். உன் மனைவி எப்போதாவது தன் உடம்புக்காகக் கோமாளித்தனமாக ஒன்றைச் செய்வதைப் பார்த்தாயானால், அடுத்த அறைக்குப் போய்விடு. சிரிப்பு தாங்க முடியவில்லை என்றால் தலையணையைக் கடித்துக்கொள்.

அந்தச் சமயத்தில்தான், அம்மா நடக்கும் அடிகளை எண்ண நீ அனுப்பிய வாட்ச் கூரியரில் வந்தது. அதில் ஏறும் எண் பெங்களூரில் உன் போனில் தெரியும்படி நீ ஏதோ செய்திருந்தாய். முதல் நாள் அம்மா கட்டிக்கொண்டாள். மாலையில் நீ கூப்பிட்டு, "இன்னாம்மா, நானூறு அடிதான் காட்டுது? வாட்ச் ரிப்பேரா, நீ ரிப்பேரா?" என்றாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் அவள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். "இதுவும் என்னைப் பாத்துச் சிரிக்கிறதுக்குத்தான் வந்திருக்கு" என்று சொன்னாள். மறுநாள் வாட்சில் ஒன்றுமே ஏறாவிட்டால் நீ கேட்பாய். கேட்டால், அந்த வீடியோவுக்குப் பிறகு அவள் மாடி ஏறவே இல்லை என்பது வெளியே வரும். நான் அதை எடுத்து என் கையில் கட்டிக்கொண்டேன். குடும்பத்தில் யாரோ ஒருவர் நடந்தால் சரிதானே என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நாலு நாள் மாடியில் நான் நடந்தேன். ஐந்தாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. அன்று மதியம் கரண்ட் போயிற்று. அம்மா பாயில் படுத்துக் கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பனை விசிறியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். தற்செயலாக வாட்சைப் பார்த்தால், எண் ஓடிக்கொண்டிருக்கிறது. கை அசைவதை எல்லாம் அந்த முட்டாள் வாட்ச் கால் என்று எடுத்துக்கொள்கிறது. நான் விசிற விசிற, படுத்துக் கிடக்கிற உன் அம்மா நடந்துகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் கரண்ட் இருந்தாலும் நான் விசிறினேன். ஆறாயிரம் வரும் வரைக்கும் வலது கை, வலித்தால் வாட்சை மாற்றிக் கட்டி இடது கை. "சூப்பர்மா! எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்று நீ குரலில் செய்தி அனுப்புவாய். அதை அவளுக்குப் போட்டுக் காட்டுவேன். "இன்னிக்கி எவ்ளோ நடந்தேனாம்?" என்று ஒருமுறை கண்ணை மூடியபடியே கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. "போனாப் போவுது, புள்ளயாவது சந்தோஷமா இருக்கட்டும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள். நீ அவளைக் கோபிக்க வேண்டாம். அவள் பொய் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டிருந்தவனைத் தடுக்கவில்லை, அவ்வளவே.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்து, நம் வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். பதினாலு நாள். நான் ஓர் அறையில், அவள் கூடத்தில். கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில்; அதுதான் அவள் கண்ட உலகம். அவள் சுகர் தாறுமாறாக ஏறிப்போனதும் நீதான் டாக்டரைப் போனில் பிடித்து, என்னையும் சேர்த்து மூன்று பேரும் பேசும்படி செய்தாய். டாக்டர் எடுத்ததும் கேட்டது ஒரே கேள்வி. "நடக்கிறாங்களா?" கார்த்தி, அந்த ஒரு நொடியை நான் அதற்கப்புறம் எத்தனையோ தடவை வாழ்ந்து பார்த்துவிட்டேன். இல்லை சார், மாசக்கணக்கில் நடக்கவில்லை, காலைக்கூட யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நீ லைனில் இருந்தாய். நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "தினம் ஆறாயிரம் அடி சார்" என்றேன். நீயும், "ஆமா டாக்டர், என்கிட்ட ரெக்கார்டு இருக்கு" என்றாய். "வெரி குட்" என்றார் அவர். அவ்வளவு நடந்தும் சுகர் இறங்காவிட்டால் மாத்திரையை ஏற்றிப் பார்க்கலாம் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. காலைப் பற்றி அவரும் கேட்கவில்லை. தினம் ஆறாயிரம் அடி நடக்கிற காலைப் பற்றி யார் கேட்பார்கள்?

இடது கால் விரல் இடுக்கில் புண் எப்போது வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு அங்கே உணர்ச்சியே கிடையாது. எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. தகரத்தைப் பிரித்த பிறகு வாடை வந்துதான் தெரிந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீ வந்து கூட இருந்து பார்த்தவைதான். முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்ளோ பாத்துக்கினப்பா, விதி" என்று அழுதாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பார்த்துக்கொண்டவன் என்ற பேரை அன்றைக்கு வாங்கிக்கொண்டேன், இன்றுவரை வைத்திருக்கிறேன்.

இப்போது பாதையைத் திறந்துவிட்டார்கள். பௌர்ணமிக்கு ஊர் பழையபடி நிரம்புகிறது. நம் தெரு வழியாக ஜனம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சாயங்காலங்களில் அம்மா தெருப் பக்க ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். செயற்கைக் கால் வாங்கிக் கொடுத்தாயே, அதை மாட்டினால் தழும்பு இருக்கும் இடத்தில் உரசிப் புண்ணாகிறது. அது பீரோ மேல் இருக்கிறது. கெஜா அக்கா ஆரம்பத்தில் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் வருவதில்லை, வந்தால் பேச என்ன இருக்கிறது? நான் துணுக்கு எழுதுவதில்லை. ஒன்றிரண்டு முறை உட்கார்ந்தேன், எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். அதை அவள் சொன்ன குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

அவள் நடந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். டாக்டர்களே அப்படிச் சொல்லவில்லை. வெறுங்காலோடு நடந்து அதனாலேயே புண் வந்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ள இருந்த வழியை நான் அடைத்துவிட்டேன். தெரிந்தது ஒன்றுதான். நீ உன் போனில் பார்த்தது உன் அம்மாவை அல்ல. அவள் நடந்தும் கால் போனது என்பது நடக்காத கதை. நடந்த மூன்று வாரமும் அவள் சுகர் இறங்கியது, நான் சிரித்தேன், அவள் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அந்தப் பொய்யை வைத்து நீயும் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு பொய்க்கு ஒரு கால் போதும் என்று நினைத்திருந்தேன்.

இவ்வளவு நாள் புளுகியவன் இன்றைக்கு மட்டும் நிஜம் சொல்கிறானா என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். என்னை நம்பாதே. உன் டாக்டரை நேரில் போய்ப் பார், பக்கத்தில் யார் இருந்தாலும் உள்ளதைச் சொல், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டு. மன்னிப்பு வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை. அது உன் அம்மா கொடுக்க வேண்டியது. கேட்டால் "சரி" என்பாள், அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு என் மேல் வரப்போகிற கோபம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். போன் செய்ய மாட்டாய், ஒரு வருஷம் ஆனாலும் ஆகும், ஒருவேளை எப்போதுமே இல்லாமலும் போகலாம். போகட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கோபத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி படாதே. கதவைத் திறந்து தெருவில் இறங்கு. என்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நட. தீரும் வரைக்கும் நட. அது சீக்கிரத்தில் தீர்ந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போதைக்கு உன் அப்பாவுக்கு இருக்கிற ஒரே வேண்டுதல்.